மொத்தமாகவா, மாதாமாதமா?

1957-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி இந்திய ரயில்வே ஊழியர்களுக்கு பென்ஷன் திட்டம் வந்தது. அதற்கு முன்னால் ரயில்வேயில் பென்ஷன் கிடையாது என்பதே இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உண்டு, ரயில் ஓட்டுகிற டிரைவருக்கு இல்லை. ரயில்வேக்கள் கம்பெனிகளாகப் பிறந்தவை என்பதுதான் காரணம். நம் பக்கத்து சௌத் இந்தியன் ரயில்வேயும் லண்டனில் தலைமையகம் வைத்திருந்த கம்பெனிதான். சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, தன் பங்காக இன்னொன்றைப் போட்டு, ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் மொத்தமாகக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது கம்பெனிகளின் வழக்கம். பிராவிடண்ட் ஃபண்ட் என்று பெயர். கம்பெனிகள் போய் சர்க்கார் வந்த பிறகும் அந்த வழக்கம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை, நேராக பென்ஷனுக்குள் போய்விடுவார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கப்பட்டது. ஃபண்டிலேயே இருக்கிறாயா, பென்ஷனுக்கு மாறுகிறாயா? மாறினால் நிர்வாகம் உன் கணக்கில் போட்ட பங்கு திரும்பப் போய்விடும். அதற்குப் பதில் ஓய்வுக்குப் பின் சாகும்வரை மாதாமாதம் ஒரு தொகை வரும். எழுதிக் கையெழுத்துப் போடு.

தாம்பரத்தில் இந்தத் தாள் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் விவாதிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து இது ரயில்வேக்காரர்கள் ஊர். மின்சார வண்டிகளின் பணிமனை இங்கேதான். என் அப்பாவின் அப்பா அதில் ஃபிட்டர். அவர் ஃபண்டிலேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அவரைப்போல எழுதிக்கொடுத்தவர்கள் நாடு முழுக்க ஏராளம்.

இன்றைக்கு இந்தக் கதையைக் கேட்கும் எல்லாரும், "ஐயோ, பென்ஷனையா விட்டாரு?" என்பார்கள். கல்யாணச் சந்தையில் பென்ஷன் உள்ள மாமனாருக்கு இருக்கும் மதிப்பு ஊரறிந்தது. ஆனால் 1957-இல் அந்தத் தாளில் இருந்த பென்ஷன் இன்று நாம் அறிந்த பென்ஷன் அல்ல. இதைச் சொல்லாமல் அந்தத் தலைமுறையைப் புரிந்துகொள்ள முடியாது.

அன்றைய பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. ஓய்வு பெறும் நாளில் என்ன தொகை நிர்ணயமானதோ அதுதான், விலைவாசி எங்கே போனாலும். பென்ஷன்தாரர்களுக்கு விலைவாசிக் குறியீட்டோடு இணைந்த நிவாரணம் 1970-களில், மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டித்தான் வந்தது. ஆள் போய்விட்டால் மனைவிக்கு ஆயுள் முழுக்க வரும் குடும்ப ஓய்வூதியம் 1964-இல்தான் ஒழுங்காக வடிவம் பெற்றது. ஓய்வு வயது அப்போது 55. 1962 கடைசியில்தான் 58 ஆனது. 1950-களில் இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 40-ஐ ஒட்டி இருந்தது. குழந்தைச் சாவுகள் அந்த எண்ணைக் கீழே இழுத்தன என்பது உண்மை. ஆனால் தன் அப்பாவை, சித்தப்பாவை, கூட வேலை பார்த்தவனை அறுபதுக்குள் எரித்துவிட்டு வந்தவனிடம் போய் "சாகும்வரை மாதம் நாற்பது ரூபாய்" என்றால், அவன் எத்தனை மாதம் என்று கேட்கத்தானே செய்வான்?

எதிர்த் தட்டில் இருந்தவை எல்லாம் தேதி குறித்த செலவுகள். தாத்தாவுக்கு மூன்று பெண்கள். சேலையூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார், அதில் கிணறு மட்டும் இருந்தது. குவார்ட்டர்ஸை ஓய்வு பெற்றதும் காலி செய்தாக வேண்டும். கடைசிப் பெண்ணின் கல்யாணம், வீடு இரண்டையும் மாதம் வரும் நாற்பது ஐம்பதை வைத்து முடிக்க முடியாது. மொத்தமாக வந்தால்தான் உண்டு. 1977-இல் அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணம் சரியாக அந்த இரண்டுக்கும் போனது. மிஞ்சியது போஸ்ட் ஆபீஸில் கிடந்தது.

அவர் கையெழுத்துப் போட்ட வருஷத்துக்கும் பணம் கையில் வந்த வருஷத்துக்கும் நடுவே 1974 இருக்கிறது. எண்ணெய் விலை ஏறி, பருவமழை பொய்த்து, ஒரே ஆண்டில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் எகிறிய வருஷம். ரயில்வே தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்ததும் அதே ஆண்டு மே மாதம்தான். அதற்குப்பின் பென்ஷன் வளர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊதியக் குழுவும் எதையாவது சேர்த்தது. ஃபண்டில் இருந்தவர்களின் கணக்கோ என்றைக்கோ முடிந்துபோன கணக்கு.

நிர்வாகத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. மாறிக்கொள்ளும் வாய்ப்பு ஒருமுறை இல்லை, பன்னிரண்டு முறை கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு தேதி. அந்தத் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது எஜமானின் தயவு அல்ல, உழைத்தவனின் உரிமை என்றது. ஒரு தேதியை வைத்து பென்ஷன்தாரர்களை இரண்டு சாதியாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த நாளைத்தான் இன்றும் பென்ஷனர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். ஃபண்டில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் எங்களையும் பென்ஷனுக்குள் எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். கிருஷேண குமார் வழக்கு. 1990 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. அதன் தர்க்கம் இப்படிப் போகிறது. ஃபண்டில் சேர்ந்தவனுக்கு அவன் ஓய்வு பெறும் நாளில் பணம் கொடுக்கப்படுகிறது, அத்தோடு சர்க்காரின் கடமை முடிகிறது. பென்ஷன்தாரருக்கோ ஓய்வு பெறும் நாளில்தான் அந்தக் கடமையே தொடங்குகிறது. இரண்டும் ஒரே வகுப்பு அல்ல.

சட்டம் தெரியாத என்னைப் போன்ற இன்ஜினியருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் இரண்டு திட்டங்களின் வேறுபாட்டை விளக்கியதில்லை. ஒன்றில், நீ எத்தனை வருஷம் உயிரோடு இருப்பாய் என்ற ஆபத்து உன் தலையில். இன்னொன்றில் அது சர்க்கார் தலையில்.

1997 நவம்பரிலிருந்து, 1957-க்கும் 1985 இறுதிக்கும் இடையில் ஃபண்டில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களுக்கு மாதம் 600 ரூபாய் கருணைத் தொகை வந்தது. அப்போது ஐந்தாவது ஊதியக் குழுவின்படி குறைந்தபட்ச பென்ஷனே 1275 ரூபாய். எனக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா அந்த 600-ஐ வாங்க எவ்வளவு சந்தோஷமாகப் போய்வந்தார் என்பது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும்போது மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்குவார். அந்தப் பணத்தை "என் சம்பளம்" என்றார். பக்கத்து வீட்டில் அவரோடு வேலை பார்த்தவர் பென்ஷன் எழுதிக் கொடுத்தவர். ஆனால் அவருக்குச் சொந்த வீடு இல்லை, மகன் வீட்டு மாடியில் இருந்தார். இருவரில் யார் கணக்குச் சரி என்று இருவரும் கடைசிவரை வாதாடினார்கள்.

*

பென்ஷன் என்ற யோசனை மதராஸுக்குப் புதிதல்ல. 1770-லேயே ராபர்ட் கிளைவ், மீர் ஜாபர் தனக்கு விட்டுச்சென்ற 5 லட்சம் ரூபாயைப் போட்டு, கம்பெனிப் படையில் ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் ஒரு நிதி ஏற்படுத்தினார். வந்த வழி எப்படியோ. ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்கு முதுமைக்கால ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது 1889-இல். அதில் வயது வரம்பு 70. எழுபதைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்பது பிஸ்மார்க்குக்கும் தெரிந்திருக்கும். ஓய்வு என்பது உழைத்துத் தேய்ந்தவனுக்குக் கடைசியில் கிடைக்கும் மிகச் சில ஆண்டுகள். அதைத்தான் ஒரு நூற்றாண்டு உலகம் நம்பியது. நாற்பத்தைந்தில் எழுந்து போவதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

கம்பெனியும் சர்க்காரும் கைகொடுக்காத நடுத்தர வர்க்கத்து மதராஸி என்ன செய்தான்? நிதி ஆரம்பித்தான். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து மாதாமாதம் போட்டு, தங்களுக்குள்ளேயே நகைக்கும் வீட்டுக்கும் கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. உறுப்பினரிடம் மட்டுமே வாங்க வேண்டும், உறுப்பினருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். மயிலாப்பூர் இந்து பர்மனன்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. அதைப்போல எழும்பூர், திருவல்லிக்கேணி என்று பேட்டைக்குப் பேட்டை. ஒருவரையொருவர் தெருவில் பார்க்கிறவர்களின் பணம் என்பதுதான் அதன் பாதுகாப்பு.

கொஞ்சம் அதிக வட்டி வேண்டியவர்கள் ஆர்பத்நாட் கம்பெனிக்குப் போனார்கள். நூறாண்டுப் பழைய வெள்ளைக்கார வணிக நிறுவனம், யார் சந்தேகப்படுவார்கள்? ஓய்வு பெற்ற அதிகாரிகள், விதவைகள், கோயில் பணம் எல்லாம் அங்கே கிடந்தது. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கதவை மூடிவிட்டார்கள். லண்டன் கூட்டாளி மெக்ஃபேடியன் ஊக வணிகத்தில் விட்டிருந்தார். அவர் சுரங்க ரயில் முன் விழுந்து செத்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்கை எடுத்து அடுத்த ஆண்டு தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. இந்தக் கதையைச் சென்னையில் வங்கி வரலாற்றுக் கதையாகவே சொல்வார்கள். எனக்கு அது ஓய்வுக்காலத்தின் கதை. திவாலான நாளில் முப்பது வயதுக்காரன் மறுநாள் வேலைக்குப் போனான். அறுபது வயதுக்காரன் போக வேலை இல்லை.

அதற்குப்பின் சென்னை எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1990-களில் தேக்கு மரம் வளர்த்துக் கோடீஸ்வரர் ஆக்குகிறோம் என்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-இல் விழுந்தது. இம்மாதிரி மோசடிகளுக்காகவே தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் போட்டிருந்தது. 2024-இல் மயிலாப்பூர் ஃபண்டிலேயே, அதே 1872 ஃபண்டில், முதிர்ந்த டெபாசிட்டுகள் திரும்ப வரவில்லை என்று புகார்கள் குவிந்து, ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் மூத்த குடிமக்கள். தொலைக்காட்சியில் அந்த வரிசையைப் பார்த்தபோது, இவர்களில் எத்தனை பேர் மொத்தப் பணத்தை மாதாமாதமாக மாற்றிக்கொள்ளத்தான் அங்கே போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. பென்ஷன் இல்லாதவன் டெபாசிட் வட்டியைத்தான் பென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறான்.

*

தெற்குப் புறநகரை வரைபடத்தில் பார்த்தால், பிராவிடண்ட் ஃபண்ட் எங்கே போனது என்று தெரியும். பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், முடிச்சூர். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் கம்பெனியிலிருந்து வந்தது. மாதச் சீட்டு எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் பாரிமுனை ஆபீசுக்குப் போய்வந்தவர்கள், ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் கிரவுண்டு கணக்கில் மனை வாங்கிப் போட்டார்கள். ஓய்வு பெற்ற வருஷம் வீடு எழும்பியது. இந்தப் பகுதிகளில் ஒரு தெருவின் வீடுகளின் வயதைக் கேட்டால், அந்தத் தெருவாசிகள் எப்போது ரிட்டையர் ஆனார்கள் என்று சொல்லிவிடலாம்.

சட்டமே அதற்கு வழி வைத்திருந்தது. 1952-இன் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட திட்டத்தை உட்கார்ந்து படித்தால் அது ஒரு தென்னிந்தியக் குடும்பத்தின் டைரிபோல இருக்கும். வீட்டுக்கு எடுக்கலாம், மனைக்கு எடுக்கலாம். தன் கல்யாணத்துக்கு, மகன் மகள் கல்யாணத்துக்கு எடுக்கலாம். தங்கை, தம்பி கல்யாணத்துக்கும் எடுக்கலாம். பிள்ளைகளின் மேல்படிப்புக்கு, நோய்க்கு. முதுமைக்காகச் சேர்க்கச் சொல்லி ஒரு சட்டம் போட்டு, அதில் முதுமைக்கு முன்னால் வரும் எல்லா வாசல்களையும் திறந்தும் வைத்தார்கள். அதைக் குறை என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வதுண்டு. தங்கை கல்யாணத்தை முடிக்காமல் தன் ஓய்வுக்குச் சேர்த்துவைத்த அண்ணனை இந்த ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பது அந்த நிபுணர்களுக்குத் தெரியாது. அந்தத் தங்கையும் பிள்ளைகளும்தான் அவனுக்கு பென்ஷன்.

வீட்டில் போட்ட பணம் பத்திரம் என்ற நம்பிக்கை 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நனைந்தது. அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் முதல் தளம்வரை போனது. ஓய்வுப் பணத்தில் தரைத்தளம் மட்டும் கட்டி, மாடியைப் பிள்ளை கட்டிக்கொள்வான் என்று கம்பி நீட்டி விட்டிருந்த வீடுகள் அவை. அந்தக் கம்பிகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே என் அப்பாவின் தலைமுறைக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். சர்க்கார் உத்தரவாதத்தோடு, வரி இல்லாமல். 12 சதவீதம் என்றால் 6 ஆண்டில் பணம் இரட்டிக்கும். அன்றைக்கு விலைவாசியும் 9, 10 சதவீதம் ஏறியது என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, வட்டியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இன்று அது 7.1. இரட்டிக்க 10 ஆண்டு.

முன்கூட்டிய ஓய்வு என்பது இந்த ஊர்த் தெருக்களுக்குள் நுழைந்ததும் அந்த வட்டி சரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான். 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தன. நாற்பது வயது ஆகியிருந்தாலோ பதினைந்து வருஷம் வேலை பார்த்திருந்தாலோ விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அறுபது நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் காலத்தின் சம்பளம், எது குறைவோ அது. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். அதுவரை பகல் பதினோரு மணிக்குத் தெருவில் வேட்டி கட்டிய ஆண் நடந்தால் அவர் அறுபதைத் தாண்டியவர் என்று அர்த்தம். திடீரென்று தலை நரைக்காதவர்கள் காய்கறிப் பையோடு நடந்தார்கள்.

அவர்கள் போட்ட கணக்கு எல்லாருக்கும் தெரியும்: வந்த தொகையை இன்றைய வட்டியால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, சம்பளத்தோடு ஒப்பிடுவது. ஃபார்முலாவில் தப்பில்லை. வட்டியைத்தான் மாறாத எண் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்றே ஆண்டில் பி.பி.எஃப். 12-இலிருந்து 8-க்கு இறங்கியது. வங்கி டெபாசிட் வட்டிகளும் கூடவே இறங்கின. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட் தன் யு.எஸ்.64 திட்டத்தில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதையே ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. 1964-லிருந்து பாட்டிகள்கூட போஸ்ட் ஆபீஸுக்கு நிகராக நம்பிய திட்டம் அது. வங்கி ஊழியர்களில் 1990-களில் பென்ஷனை எழுதிக் கொடுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஃபண்டிலேயே இருந்தவர்களில் சிலர் டியூஷன் எடுத்தார்கள், ஒருவர் கூரியர் கடை வைத்தார்.

*

2003 ஏப்ரல் 1-க்குப் பின் தமிழக அரசில் சேர்ந்தவர்களுக்கும், 2004 ஜனவரி 1-க்குப் பின் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கும் பழைய பென்ஷன் இல்லை என்றானது. அந்த ஆண்டுதான் பீச்-தாம்பரம் மீட்டர்கேஜ் வண்டியும் நின்றது. 1957-இல் தொடங்கியது தலைகீழாகத் திரும்பி, எத்தனை வருஷம் உயிரோடிருப்பாய் என்ற ஆபத்து மறுபடி ஊழியன் தலைக்கு வந்தது.

எங்களுக்கு அது ஒருபோதும் வேறு எங்கும் இருந்ததில்லை. நான் சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிறவன். இந்தச் சாலையில் காலை எட்டரைக்கு என்னோடு ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களில் இருக்கும் எல்லாருக்கும் அரசு வகையில் என்ன பென்ஷன் வரும் என்று ஒரு வரியில் சொல்லலாம். பி.எஃப்.பில் நிறுவனம் போடும் பங்கிலிருந்து 1250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது, சம்பளம் என்னவாக இருந்தாலும். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33 சதவீதம். அந்த 15,000-ஐ வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் பென்ஷன். 35 வருஷம் உழைத்தால் 7500. நாற்பத்தைந்தில் எழுந்து போய்விட்டால் 5000-ஐ ஒட்டி, அதுவும் 58 வயதில். பஞ்சப்படி கிடையாது. 1957-இல் தாத்தா நிராகரித்த அதே மாதிரி பென்ஷன்.

ஆக, எங்கள் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் எல்லாரும் "ஃபயர்" பற்றிப் பேசுகிறார்கள். பொருளாதாரச் சுதந்திரம் பெற்று சீக்கிரம் ஓய்வு பெறுவது. அதன் மூலப் புத்தகம் 1992-இல் அமெரிக்காவில் வந்தது; எழுதியவர்களில் ஒருவரான ஜோ டாமிங்கஸ் வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்துவிட்டு முப்பதுகளின் தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றவர். தன் பணத்தை அமெரிக்க அரசு கடன் பத்திரங்களில் போட்டு அந்த வட்டியில் வாழ்ந்தார். கணக்கைக் கொடுத்தவர் வில்லியம் பெங்கன் என்ற முன்னாள் விமானப் பொறியாளர். 1994-இல் அவர் 1926-லிருந்து அமெரிக்கப் பங்கு, கடன் பத்திர விவரங்களை எடுத்து, முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்த்தார். மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவனுக்கும் 30 ஆண்டு தாங்கியது. இதைத் திருப்பிப் போட்டால் ஆண்டுச் செலவின் 25 மடங்கு. எங்கள் காபி மெஷின் ஞானம் முழுக்க இந்த 25-தான்.

பெங்கனின் அந்த மிக மோசமான காலம் எது தெரியுமா? 1960-களின் நடுவிலும் கடைசியிலும் ஓய்வு பெற்றவர்கள். 1973-74-இன் விலைவாசி அவர்கள் சேமிப்பை ஓய்வின் ஆரம்ப ஆண்டுகளிலேயே அரித்துவிட்டது. தாம்பரத்து ஃபிட்டரைக் கடித்த அதே எண்ணெய் விலை.

எனக்கு 37 வயது. வீட்டுச் செலவு மாதம் 60,000 என்று வைத்துக்கொள்கிறேன், கடன் தவணை சேர்க்காமல். 6 சதவீத விலையேற்றத்தில் எட்டு ஆண்டு கழித்து அது ஏறக்குறைய 95,600. அதன் 25 மடங்கு 2 கோடியே 87 லட்சம். ஆனால் பெங்கன் 30 ஆண்டுக்குத்தான் கணக்குப் போட்டார், நான் 45-லிருந்து 85-க்குப் போட வேண்டும். இது ஓய்வு மட்டும். மகளுக்கு இப்போது எட்டு வயது. நான் 45-ஐத் தொடும்போது அவள் பதினொன்றாம் வகுப்பில் இருப்பாள். வீட்டுக் கடன் அதற்குப் பின்னும் ஆறு வருஷம் ஓடும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகியிருக்கும், அந்த வயதில் ஒரு மருத்துவமனைப் பில் என்ன வரும் என்பதற்கு ஃபார்முலா இல்லை. அமெரிக்கக் கணக்கில் இந்தத் தலைப்புகள் கிடையாது. அங்கே கல்லூரிப் படிப்புக்குப் பிள்ளையே கடன் வாங்குகிறான், அறுபத்தைந்து ஆனால் அரசு மருத்துவக் காப்பீடு வருகிறது. 25 மடங்கு என்பது இந்த இரண்டின் மேல் நிற்கிற எண்.

அப்படியிருந்தும் ஏன் எல்லாரும் 45 என்கிறோம்? மலையடிவாரத்தில் தோட்டம் வைக்க ஆசை என்பது வெளியே சொல்வது. ஒவ்வொரு ஆட்குறைப்பு அலையிலும் முதலில் மீட்டிங் அறைக்கு அழைக்கப்படுகிறவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். என்னோடு வேலை பார்த்தவர், 46 வயது, பதினெட்டு ஆண்டு அனுபவம், சம்பளம் அதிகம் என்பதைத் தவிர அவர்மேல் புகார் இல்லை. இருபது நிமிடத்தில் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவர் மகன் அந்த ஆண்டு பிளஸ் டூ. எங்கள் 45, பிஸ்மார்க்கின் 70 மாதிரிதான். அந்த வயதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை அதற்கு மேல் தாங்காது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறோம்.

இப்படிப் பார்த்தால் எது முதலில் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. மகள் படிப்பும் ஓய்வும் ஒன்றோடொன்று மோதினால் ஓய்வுக்குத்தான் முதலில் போட வேண்டும், படிப்புக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்குக் கடன் கிடையாது என்று நிதி ஆலோசகர்கள் சொல்கிறார்கள். சரியான வாதம். ஆனால் சேலையூரில் கிணற்றோடு கிடந்த மனையில் எழும்பிய வீட்டில்தான் நான் பிறந்தேன். அந்த வீட்டு மாடியில் படித்துத்தான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். தாத்தாவின் மொத்தத் தொகை என் வரை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மாதாமாதம் அவரோடு முடிந்தது, அவர் மனைவிக்குப் பாதி வந்து அதுவும் முடிந்தது. இதை எந்த எக்செல் தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இந்தக் கேள்வி தாள் வடிவில் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கிறது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப்பின், முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கப்பட்டவர்கள் அதிக பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அதற்கு அவர்கள் ஃபண்டில் சேர்ந்த பணத்தில் ஒரு பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடு பலமுறை நீண்டு 2023 ஜூலை 11 வரை போனது. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு பதின்மூன்று வகை முன்பணங்களை மூன்றாகச் சுருக்கவும், எப்போதும் கால் பங்கு கணக்கிலேயே கிடக்கவும் முடிவெடுத்தது. கல்யாணமும் படிப்பும் நோயும் இனி "அத்தியாவசியத் தேவை" என்ற ஒரே தலைப்பில்.

2025 ஏப்ரல் 1-லிருந்து மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னொரு தாள். புதிய திட்டத்திலேயே இருந்து கடைசியில் பெரும்பகுதியை மொத்தமாக எடுக்கிறாயா, அல்லது 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி ஓராண்டுச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த திட்டத்துக்கு மாறுகிறாயா? ஜூன் 30 கெடு என்றார்கள், செப்டம்பர் 30 ஆனது, பிறகு நவம்பர் 30.

என் பள்ளித் தோழன் ஒருவன் ரயில்வேயில் இருக்கிறான், தாத்தா வேலை பார்த்த அதே தாம்பரம் பணிமனையில். நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ரெண்டு பெண் குழந்தைகள் அவனுக்கு, மாடம்பாக்கத்தில் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். "நீ எக்செல்ல போட்டு சொல்லுடா, எது பெட்டர்னு" என்றான். சம்பளம், சேர்ந்த தேதி, பஞ்சப்படி, சந்தை என்ன தரும், எல்லாம் போட்டேன். கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் இரண்டு பக்கத்துக்கும் விடை வரவில்லை.

"இதுல என்ன போடணும்?" என்று திரையைத் தொட்டுக் கேட்டான்.

"எத்தனை வயசு வரைக்கும் இருப்பன்னு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா அறுபத்தொண்ணுடா" என்றான். பிறகு, "எங்கம்மா இருக்காங்க. எழுபத்தாறு. நல்லா இருக்காங்க. ரெண்டையும் போட்டுப் பாரு" என்றான்.